சைட் பார்க்கும் மாமா

ஞாயிற்றுக்கிழமை காலையில் அனந்தபுரம் பஸ் நிறுத்தத்தில், கையில் மஞ்சள் பையும் வேட்டி மடிப்புக்குள் ஒரு எலுமிச்சம்பழமுமாக ஒருவர் நின்றால், மேல்மலையனூருக்கு வேண்டுதலோடு கிளம்பிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சைட் பார்க்கப் போகிறார். பழம் அங்காளம்மனுக்கு அல்ல, யாரோ கட்டி விற்கும் புது வீட்டின் தரையில் உருட்டிப் பார்க்க.

ஊருக்கு ஒருவராவது இந்த ஜாதியில் உண்டு. எங்கள் ஊரில் இருப்பவர் எல்லோருக்கும் மாமா. பத்தொன்பது வருடமாகப் புது வீடு வாங்கப்போகிறார். "வாங்கப்போறேன்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் வரும் களை, வாங்கிவிட்ட எவன் முகத்திலும் நான் பார்த்ததில்லை. வாங்கியவன் முகத்தில் மாதத் தவணைதான் தெரிகிறது.

மலையும் ஏரியும் உள்ள ஊர்ப்பக்கம் பிறந்ததில் ஒரு சௌகரியம். விற்பவர்கள் வேன் அனுப்பி, டிபன் கொடுத்து, மலையைக் காட்டுவார்கள். நாம் பொழுது விடிந்தால் பார்க்கிற மலைதான். ஆனால் வழவழ தாளில் அச்சாகி வரும்போது செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரிக்கு எப்படியோ ஒரு பச்சை ஏறிவிடுகிறது. நேரில் அது பாறை. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி நாம் பாய் விரித்ததும் திருப்பித் தரும் பாறை.

"ஜன்னலைத் தொறந்தா கோட்டை சார்!" என்பான் விற்கும் பையன்.

"கோட்டைக்கும் சைட்டுக்கும் எத்தனை மீட்டர் தம்பி?"

"பக்கத்துலயேதான் சார். நடந்தா ரெண்டு நிமிஷம்."

"பக்கத்துலன்னா கட்ட முடியாதே."

மாமா இங்கே நிறுத்தி மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்டவேண்டும், 2010-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்று நிதானமாகச் சொல்வார். பையன் மிரண்டு, "அவ்ளோ பக்கம் இல்ல சார், நல்லாத் தள்ளித்தான்" என்பான்.

"தள்ளின்னா கோட்டை தெரியாதே."

2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று நம் செஞ்சி. அதிலிருந்து சைட்டுக்காரர்கள் வாயில் வேறு பேச்சே இல்லை. "யுனெஸ்கோவே வந்துடுச்சு சார்!" "வந்து எத்தன பிளாட்டு வாங்குச்சு?" என்று கேட்டார் மாமா. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் வரப்போகிறது என்று இன்னொருவர் ஆரம்பித்தபோது, "வரட்டும் தம்பி. நான் ரயில்லயே வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தக்காளி சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். மனுஷர் ஆவணங்களில் புலி. தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் அவருக்கு அட்சர சுத்தம். பதிவேட்டில் வாய்க்கால் என்று இருக்கிறதா, ஓடைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பார்க்காமல் சைட்டில் செருப்பைக் கழற்ற மாட்டார். 'லேக் வியூ' என்ற பெயரைக் கேட்டால் போதும், சித்திரையில் ஒரு தரம், கார்த்திகையில் ஒரு தரம் போய்ப் பார்ப்பார். "சித்திரையில வியூ மட்டும் இருக்கும் மாப்ள. கார்த்திகையிலதான் லேக் வூட்டுக்குள்ள வரும்."

2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதே, அந்த வாரம் சுற்றுப்பட்டில் மனை வாங்கியவன் விற்றவன் எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஒருவர்தான் டீக்கடையில் நாலு பேருக்கு டீ சொன்னார். அங்கீகாரம் இல்லாத பதினெட்டு மனைகளை வேண்டாம் என்று சொன்ன தீர்க்கதரிசி அவர். பத்தொன்பதாவதாக அங்கீகாரம் பெற்ற மனை ஒன்றையும் வேண்டாம் என்றிருந்தார். அதை யாரும் அன்று கிளறவில்லை.

காலி மனையைவிட, கட்டி முடித்த புது வீடு என்றால் அவருக்குக் கொண்டாட்டம். மூடிய கதவைத் திறந்து, திறந்த கதவை மூடி, பாதியில் விட்டுவிட்டு அது தானாக ஆடுகிறதா என்று பார்ப்பார். ஒற்றை ரூபாய் நாணயத்தால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுவார். 'டிங்' என்றால் பரவாயில்லை. 'டொக்' என்றால் அடியில் கலவை பிடிக்கவில்லை. 'டொக்' கேட்ட இடத்தில் மஞ்சள் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து ஒரு சுழி. நான் கூடப் போன ஒரு வீட்டில் அவர் வெளியே வந்தபோது ஹால் முழுக்கக் கோலம் போட்டாற்போல் இருந்தது. கடைசியில் எலுமிச்சம்பழம். குளியலறையில் விட்டால் பழம் தண்ணீர் போகும் துளையை நோக்கி ஓடவேண்டும். அது வாசலை நோக்கி ஓடியது. "குளிச்சா தண்ணி உங்களுக்கு முன்னாடி ஹாலுக்குப் போயி உக்காந்துக்கும்" என்றார் மேஸ்திரியிடம். மேஸ்திரி பழத்தை முறைத்தார்.

இங்கிலாந்தில் புது வீடு வாங்குபவர்கள், சாவி கைக்கு வரும்போதே குறைகளைத் தேடிப் பட்டியல் போட ஆள் வைத்து, அதற்குக் கட்டணமும் கொடுக்கிறார்களாம். அந்த வேலைக்கு 'ஸ்னாகிங்' என்று பெயர். மாமாவுக்கு இதைச் சொன்னேன். "காசு குடுக்கறானா!" என்று வாயைப் பிளந்தார். நம் ஊரிலும் ரெரா சட்டப்படி, கட்டுமானக் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை கட்டியவர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். மாமாவுக்கு அதெல்லாம் தெரியும். சாவி வாங்கினால்தானே ஐந்து வருடம் ஓட ஆரம்பிக்கும்!

அத்தைக்கு இதில் ஒரே ஒரு வழக்குதான். அனந்தபுரத்து வீட்டுக்கு நாட்டு ஓடு. ஐப்பசி பிறந்தால் கூடத்தில் மூன்று இடத்தில் அன்னக்கூடை வைக்கவேண்டும். "ஊரான் வூட்டுத் தரையில எலுமிச்சம்பழம் உருட்டற மனுசன், நம்ம வூட்டு மோட்டுல ரெண்டு ஓடு மாத்தக்கூடாதா?" என்பாள். "போவப்போற வூட்டுக்கு எதுக்குடி செலவு?" என்பார் மாமா.

செஞ்சிக் கோட்டையை 1690-ல் முற்றுகையிட வந்த ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான், வெளியே கூடாரம் போட்டு 1698 வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் உள்ளே போனபோது, எந்த மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வந்தாரோ அவர் எப்போதோ நழுவிப் போயிருந்தார். எட்டு வருட சைட் விசிட். எங்கள் மாமா அந்த ரெக்கார்டை எப்போதோ உடைத்துவிட்டார்.

ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. பனமலைப் பக்கம் ஒரு வீடு. அந்த ஊர்க் குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில், கீழே ஏரி. கோயிலைக் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். மாமல்லபுரத்தில் கடலைப் பார்க்க ஒரு கோயில், இங்கே ஏரியைப் பார்க்க ஒரு கோயில் என்று இடம் பார்த்துக் கட்டத் தெரிந்த ராஜா. அந்த வீட்டில் நாணயம் எல்லா இடத்திலும் 'டிங்' என்றது. போர்த் தண்ணீர் உப்பில்லை. பத்திரம் பளிங்கு. நடுக்கூடத்தில் வைத்த எலுமிச்சம்பழம் நகரவே இல்லை. மாமா குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஐயாயிரம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தார்.

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. விடியற்காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகத்தில் பழைய களை.

"வண்டிய எடு மாப்ள. ஜன்னலத் தொறந்தா சிவன் கோயில் தெரியுது."

"அதுக்குத்தானே மாமா வாங்கறீங்க?"

"நாம பாத்தா வியூ. அங்கிருந்து சிவன் பாத்தா?" சிவன் பார்வை வீட்டின்மேல் விழக்கூடாதாம். பணத்தில் பாதி திரும்பி வந்தது. முழுசும் வந்தாற்போல் சிரித்தார்.

திரும்பும்போது, சுற்றுவழியானாலும் பரவாயில்லை என்று வண்டியை மண்டகப்பட்டுக்கு விட்டேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் சேர்த்துப் பாறையைக் குடைந்து மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் எடுப்பித்த குகைக்கோயில். மன்னனே கல்வெட்டில் அப்படித்தான் பெருமையாக வெட்டிவைத்திருக்கிறான். கம்பி துருப்பிடிக்காது, மரம் செல்லரிக்காது, பூச்சு உதிராது. இதிலாவது குறை சொல்லட்டும் பார்க்கலாம் என்றுதான் கூட்டிப்போனேன்.

வாசலின் இரு பக்கமும் நின்ற துவாரபாலகர்களை ஏற இறங்கப் பார்த்து, "செக்யூரிட்டி ரெண்டு" என்றார். தூணைத் தட்டப் போன கையை, எட்ட நின்ற காவல்காரரைப் பார்த்து இழுத்துக்கொண்டார். உள்ளே போய் வெறுமையாகக் கிடந்த மூன்று கருவறைகளையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

"மூணு ரூம்பு. முன்னால ஹாலு. கட்டுமானம் சுத்தம்."

"அப்புறம் என்ன மாமா?"

குரலைத் தாழ்த்தினார். "மூணு பேரும் ஏன் காலி பண்ணிட்டுப் போனாங்க? என்னமோ இருக்கு மாப்ள."