சுவரோரம் ஒரு மரம்

கேள்வி: வயது 68. விருட்சாசனத்தில் நின்றால் தள்ளாடுகிறேன். யோகாவை விட்டுவிடலாமா? (வாசகி, குன்னூர்)

பதில்: எஸ்டேட்டில் நிற்கும் சில்வர் ஓக் மரமே காற்றுக்கு ஆடுகிறது, உங்களுக்கென்ன அம்மா! ஒற்றைக்காலில்தான் நிற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்காதீர்கள். புனேயின் யோகா குரு பி.கே.எஸ். ஐயங்காரே நாற்காலி, கயிறு, பெல்ட், மரக்கட்டை என்று ஆசனத்துக்குத் துணை சேர்த்தவர். முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு குதிகாலை மறு கணுக்காலில் ஒட்டுங்கள். அந்தக் கால்விரல்நுனி தரையிலேயே இருக்கட்டும். கண்ணை மூட வேண்டாம். கண், உட்காது, பாதம் மூன்றும் சேர்ந்துதான் நம்மை நிறுத்துகின்றன. கம்பளிக் காலுறை வழுக்கும், கழற்றிவிடுங்கள். தலை சுற்றினால் யோகா மாஸ்டரை விட்டு டாக்டரைப் பாருங்கள். முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். சக்கரம் வைத்த நாற்காலி மட்டும் ஆகாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறக்கம்தான்!