அந்தி திருத்தியல்: ஓர் ஆய்வுரை

ஸ்கைரிம் என்னும் கணினி விளையாட்டு 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. அதில் டிராகனைக் கொல்வோர் ஒரு சாரார். டிராகன் பறக்கும் வானத்துக்கு நிறம் திருத்துவோர் மறு சாரார். முன்னவரைப் பற்றி எழுதியோர் பலர். இவ்வுரை பின்னவரை ஆராயப் புகுகிறது.

இவர்தம் கருவி, போரிஸ் வொரொன்ட்ஸோவ் ஆக்கிய இஎன்பி என்னும் மாட், அதாவது விளையாட்டின் தோற்றத்தை மாற்றும் ஒட்டுநிரல். விளையாட்டுக்குள் நுழைந்து ஷிஃப்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் திரையோரம் ஒரு பட்டியல் விரியும். ப்ளூம் என்னும் ஒளிக்கசிவு, நிழல், நிறச்செறிவு எனப் போய்க்கொண்டே இருக்கும், எல்லாம் எண்கள்.

தொல்காப்பிய மரபில் சிறுபொழுது ஆறு. இஎன்பியிலும் விடியல், உதயம், பகல், அந்தி, மாலையிருள், இரவு என ஆறே. வீட்டுக்குள் பகல், வீட்டுக்குள் இரவு என்னும் மிகையிரண்டும் இடைச்செருகல் என்பாருமுளர். அவர் விடுதிக்குள் நுழைந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கண் கூசி நின்றறியாதவர். ஆக ப்ளூமின் அளவு ஒன்றுக்கே எட்டு எண். போதாதென்று மழைக்கும் மூடுபனிக்கும் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொள்ளலாம்.

இனி இடர்ப்பாடு. ஸ்கைரிமின் கடிகாரம் நம்முடையதைவிட 20 மடங்கு வேகம். ஒரு நாள் 72 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்திக்குச் சிவப்புக் கூட்டி முடிப்பதற்குள் நிலவு வந்துவிடும். அதற்குப் பரிகாரம், கன்சோலைத் திறந்து 'செட் கேம்ஹவர் டு 18' என்று தட்டுவது. சூரியன் திரும்பி வந்து நிற்கும். ஜயத்ரதனுக்காகக் கண்ணன் ஒரேயொரு முறை கைவைத்த சூரியனை, இவர் இரவுச் சாப்பாட்டுக்குள் பத்துத் தடவை இழுத்தடிப்பார்.

ஒவ்வொரு தடவையும் எண் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதே இவ்வாய்வின் மையம். கண் பழகிவிடுகிறது என்பதே காரணம். கூட்டிய செறிவு சற்று நேரத்தில் சாதாரணமாகிவிடும். இன்னும் கொஞ்சம் கூட்டுவார். ஐயம் வந்தால் ஷிஃப்டும் எஃப்12-உம் அழுத்தி மாட்டை அணைத்துப் பார்ப்பார். மூல விளையாட்டு சாயம்போன லுங்கியாய்த் தெரியும். தாம் செய்ததே சரி என்று தெளிவார். மறுநாள் திறந்தால் எதிரே வருபவரின் முகம் செங்காவியில் இருக்கும். 'சேவ் கான்ஃபிகரேஷன்' அழுத்த மறந்திருந்தால் அதுவுமில்லை. பழைய வெளிறிய முகமே. இரண்டில் எது நற்பேறு என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை.

இத்தனையும் போட்டால் ஃப்ரேம் வேகம் 60-இலிருந்து 30-க்கு விழுமே, டிராகனோடு எப்படிச் சண்டை போடுவது என்பர் மாற்றுக் கட்சியார். முதல் டிராகன் சண்டை நடக்கும் மேற்குக் காவற்கோபுரத்துக்கு இவர் போனால்தானே? ஏதோவொரு மலைச்சரிவில் நின்றபடியே மெனுவை மறைப்பார், ஸ்கிரீன்ஷாட் எடுப்பார், மேகம் சற்று நீலமோ என்று மறுபடி பட்டியலைத் திறப்பார்.