பழி சுமக்க ஒரு வாரியம்

1904 அக்டோபர் 27. நியூயார்க் நகரசபைக் கட்டடத்துக்கு அடியில் புத்தம் புதிய பாதாள ரயில் புறப்படத் தயாராக நிற்கிறது. மேயர் ஜார்ஜ் மெக்லெல்லன் கையில் வெள்ளியில் செய்த கைப்பிடி ஒன்றைக் கொடுக்கிறார்கள். சம்பிரதாயத்துக்கு ஒரு திருகு திருகி வண்டியை நகர்த்திவிட்டு, அசல் ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய் உட்கார வேண்டியது. துணிக்கடைக்கு ரிப்பன் வெட்ட வந்த மந்திரி அப்படியே கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. மேயர் கைப்பிடியை விடவில்லை. களைப்பாக இருக்குமே, ஓட்டுநரிடம் கொடுத்துவிடலாமே என்று கம்பெனிக்காரர்கள் நயமாகக் கேட்டுப் பார்த்தார்கள். ம்ஹூம். 103-ஆம் தெரு வரை அவரேதான் ஓட்டினார்.

இந்த ரயிலுக்கு யார் பொறுப்பு என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் பதில் சுலபம்: அதோ, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர். அதற்குப் பிறகு நூற்றுச்சொச்சம் வருஷமாக இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொன்னவர் எவரும் இல்லை. பதில் சொல்லாமல் தப்பிப்பதற்கென்றே வாரியம், ஆணையம், அதற்கு மேலே ஒரு பேராணையம் என்று அடுக்கடுக்காகக் கட்டினார்கள். அந்தத் திருப்பணியின் தலபுராணம்தான் இது.

தலபுராணத்துக்கு மூலவர் வேண்டும். இங்கே மூலவர், ஐந்து சென்ட் நாணயம்.

நகரம் கடன் வாங்கிப் பள்ளம் தோண்டியது. அதில் ரயில் விட்டு வசூல் பண்ணும் உரிமை ஆகஸ்ட் பெல்மாண்ட் என்ற பணக்காரரின் இன்டர்பரோ கம்பெனிக்குப் போனது. டிக்கெட் ஐந்து சென்ட். எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் அதே ஐந்து சென்ட். ஜனங்கள் வாரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனார்கள். பெல்மாண்ட் தொங்கவில்லை. அவருக்கென்று ‘மினியோலா’ என்று ஒரு தனிப் பெட்டி இருந்தது, மேஜை, சமையலறை சகிதம். பாதாள ரயிலில் சொந்தப் பெட்டி வைத்திருந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

1913-இல் நகரம் இரண்டு ரயில் கம்பெனிகளோடு பெரிய ஒப்பந்தம் போட்டது. புதுப் பாதைகள் வரும், லாபத்தில் பங்கு உண்டு, 49 வருஷத்துக்கு டிக்கெட் ஐந்து சென்ட்டைத் தாண்டாது. அந்தக் கடைசி ஷரத்தைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். அன்றைய விலைவாசிக்கு ஐந்து சென்ட் நல்ல வசூல். 49 வருஷம் கைவைக்க முடியாத வருமானம். அடுத்த வருஷமே ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. நிலக்கரி ஏறியது, இரும்பு ஏறியது, கூலி ஏறியது. ஐந்து சென்ட் மட்டும் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தச் சொல்லிக் கெஞ்சின. அரசியல்வாதிகளுக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது: ரயிலில் போகிறவர்கள் எல்லோரிடமும் ஓட்டு இருக்கிறது; கம்பெனி முதலாளிக்கும் ஒரே ஓட்டுதான். அன்றிலிருந்து ஐந்து சென்ட்டைத் தொட்ட மேயருக்கு மோட்சம் இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த ஞானத்தைக் கரைத்துக் குடித்தவர் ஜான் ஹைலன். இளமையில் புரூக்ளின் மேம்பால ரயில் கம்பெனியில் எஞ்சின் ஓட்டியவர், கூடவே சட்டமும் படித்தவர். ஒருநாள் வளைவில் எஞ்சினை வேகமாகத் திருப்பி, மேலதிகாரி ஒருவரை இடிக்கப் பார்த்தார் என்று சொல்லி வேலையைவிட்டுத் துரத்தினார்கள். சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே ஓட்டினார் என்று ஒரு பாடபேதமும் உண்டு. எப்படியோ, வேலை போனது. போனவர் சும்மா போகவில்லை. வக்கீலானார், நீதிபதியானார், 1918-இல் நியூயார்க் மேயராக வந்து உட்கார்ந்தார். சீட்டுக் கிழித்து அனுப்பிய மேனேஜர்கள் யாராவது அன்றைக்கு உயிரோடு இருந்திருந்தால் தூக்கம் வந்திருக்காது.

ஹைலனின் ஆட்சி முழுக்க ஒரே கொள்கை: கம்பெனிக்கு ஒரு பைசா ஏறக் கூடாது. 1913-இல் ஒப்பந்தம் போட்ட இரண்டில் ஒன்றான புரூக்ளின் கம்பெனி அந்த 1918-இன் கடைசி நாளிலேயே மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அது போதாதென்று, நகரமே சொந்தமாக ரயில் விடும், கம்பெனிகளை ஒழித்துக்கட்டும் என்று மேயர் சபதம் போட்டார். அதற்காக 1924-இல் பிறந்ததுதான் போக்குவரத்து வாரியம். வாரியம் தோண்டிய பாதைகளில் சில, கம்பெனியின் மேம்பால ரயிலுக்குக் கூப்பிடு தூரத்திலேயே ஓடின. ரயில் இல்லாத பேட்டைக்கு ரயில் விடுவதைவிட, ரயில் இருக்கிற தெருவில் போட்டிக்கு விடுவது இனிக்கிறதென்றால், அது போக்குவரத்துத் திட்டம் இல்லை, பங்காளிச் சண்டை.

சபதம் நிறைவேறி 1932-இல் முதல் வண்டி ஓடியபோது ஹைலன் பதவியில் இல்லை. 1925-இல் கட்சி உட்தேர்தலில் ஜிம்மி வாக்கரிடம் தோற்றிருந்தார். ஜெயித்த வாக்கர் பெருந்தன்மையோடு அவரைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு நீதிபதியாக நியமித்தார். ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம், குழந்தைகளை அவர்களுக்குச் சமமானவர் விசாரிக்கட்டுமே என்று வாக்கர் சொன்னதாகக் கதை.

1940-இல் மேயர் லகார்டியா இரண்டு கம்பெனிகளையும் 32.6 கோடி டாலர் கொடுத்து வாங்கினார். வில்லன்கள் ஒழிந்தார்கள், ஜனங்கள் வென்றார்கள், சுபம். படம் அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் ஒரு சங்கடம் தெரிந்தது. திட்டுவதற்குக் கம்பெனி இல்லை. வண்டி தாமதமா? மேயர். மின்விசிறி ஓடவில்லையா? மேயர். கட்டணம் ஏறினால்? ஐயையோ.

1948-இல் மேயர் ஓட்வயர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டணத்தைப் பத்து சென்ட் ஆக்கினார். ஐந்து சென்ட் நாணயம் 44 வருஷ ஆட்சிக்குப் பிறகு சிங்காசனத்தைவிட்டு இறங்கியது. அடுத்த உயர்வு யார் தலையில் விடியும் என்று நகரசபையே நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 1953-இல், மாநில ஆளுநர் தாமஸ் டூயி மருந்து கண்டுபிடித்தார். நியூயார்க் நகரப் போக்குவரத்து ஆணையம் என்று ஒன்று வரும். உறுப்பினர்கள் தேர்தலில் நிற்க மாட்டார்கள். ஆகவே தோற்கவும் மாட்டார்கள். ரயில் நகரத்தின் சொத்தாகவே இருக்கும், ஆணையம் குத்தகைக்கு எடுத்து ஓட்டும். ஓட்டுகிற செலவை டிக்கெட் வசூலிலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதாவது கட்டணத்தை உயர்த்து என்று யாரும் வாயால் சொல்லவில்லை. சட்டம் சொல்லிற்று.

ஜூன் 15-ஆம் தேதி ஆணையம் பொறுப்பேற்றது. ஜூலை 25-ஆம் தேதி கட்டணம் 15 சென்ட். ஒரு மண்டலம்கூட ஆகவில்லை. வாசல் இயந்திரம் ஒரே ஒரு காசைத்தான் விழுங்கும். பத்தும் ஐந்தும் சேர்த்துப் போட்டால் அதற்குக் கணக்குத் தெரியாது. அதற்காக டோக்கன் என்று ஒரு வில்லையை அச்சடித்தார்கள். அவசரத்துக்கு வந்த அந்த வில்லை 2003 வரை நிலைத்தது. ஆணையத்தின் சாதனைகளில் இத்தனை காலம் பழுதில்லாமல் ஓடியது வேறு எது என்று தெரியவில்லை.

தேர்தலில் நிற்காமல் ஆளும் இந்தக் கலையில் முனைவர் பட்டம் வாங்கியவர் ஒருவர் அதே ஊரில் மேலே, பாலத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். ராபர்ட் மோசஸ். ஒரே ஒரு தடவை, 1934-இல், ஆளுநர் தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வியவர். அதற்குப் பிறகு தேர்தல் என்ற வம்பே வைத்துக்கொள்ளவில்லை; ஒரே சமயத்தில் பன்னிரண்டு பதவிகள்வரை நியமனத்திலேயே வைத்திருந்தார். ஊர் முழுக்க கார் சாலையாகப் போட்டுத் தள்ளிய இந்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

அவருடைய கோட்டை, டிரைபரோ பால ஆணையம். கோட்டைக்கு மதில், கடன் பத்திரம். பாலம் கட்டக் கடன் வாங்கினால், கடன் அடைந்ததும் ஆணையம் கலைய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. மோசஸ் கடனை அடைய விடவில்லை. சுங்கப் பணம் கொட்டக் கொட்ட, புதுக் கடன் வாங்கிப் புதுப் பாலம் கட்டினார். பத்திரம் வாங்கியவர்களோடு போட்ட ஒப்பந்தத்திலேயே ஆணையத்தின் அதிகாரங்களையும் எழுதிவைத்தார். ஒப்பந்தத்தை மாநிலச் சட்டம் முறிக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். ஆக, மேயர் வரலாம், ஆளுநர் போகலாம், கடன் இருக்கிறவரை மோசஸ் இருப்பார். நம் ஊரில் கடன்பட்டவன் நெஞ்சு கலங்கும் என்பார்கள். அங்கே கடன்பட்டவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இன்னொரு ஆயுதமும் வைத்திருந்தார்: ராஜினாமா. ஏதாவது ஒத்துவராவிட்டால் ராஜினாமா செய்வேன் என்பார். எதிரில் இருப்பவர் பதறிப்போய்க் காலில் விழாத குறையாக இறங்கி வருவார். 1962-இல் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரிடமும் அதை நீட்டினார். ராக்ஃபெல்லர் வாங்கி வைத்துக்கொண்டார். மாநிலப் பதவிகள் போயின. டிரைபரோ மிஞ்சியது.

ராக்ஃபெல்லருக்கு அந்த டிரைபரோமீதும் கண். லாங் ஐலண்ட் ரயில்வேயை 1965-இல் 6.5 கோடி டாலருக்கு வாங்கி, அதை நடத்த ஒரு ஆணையம் அமைத்து, தன் செயலாளர் வில்லியம் ரோனனைத் தலைவராக்கியிருந்தார். ரயிலில் நஷ்டம், பாலத்தில் லாபம். இரண்டையும் முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. ஆனால் கடன் பத்திர மதில் குறுக்கே நிற்கிறதே? பத்திரக்காரர்கள் சார்பில் வழக்காட வேண்டியது சேஸ் மன்ஹாட்டன் வங்கி. வழக்கும் போட்டது. அந்த வங்கியை நடத்தியவர் பெயர் டேவிட் ராக்ஃபெல்லர். ஆளுநரின் உடன்பிறந்த தம்பி. வழக்கு சத்தமில்லாமல் சமரசத்தில் முடிந்தது. அமெரிக்காவில் எந்த ஆளுநராலும் ஏற முடியாத மதிலை ஒரே ஒரு குடும்பத்தால் மட்டும் ஏற முடிந்தது. ஏணி வீட்டிலேயே இருந்தது.

1968 மார்ச் 1-ஆம் தேதி, பெருநகரப் போக்குவரத்து ஆணையமான எம்.டி.ஏ. உதயமாயிற்று. ரயில், பஸ், பாலம், சுரங்கம் எல்லாம் ஒரே குடையில். இணைப்பை ஆதரித்தால் புது ஆணையத்தில் கௌரவமான இடம் உண்டு என்று மோசஸுக்கு ஆசை காட்டினார்கள் என்கிறார், அவர் வரலாற்றை எழுதிய ராபர்ட் கேரோ. கடைசியில் கிடைத்தது ஆலோசகர் பதவி. ஆலோசகர் என்றால் ஆலோசனை கேட்கப்படாதவர் என்று அர்த்தம். அதை மற்றவர்களுக்குப் பல தடவை வழங்கிய மனிதருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

புது ஆணையத்தை நடத்தும் வாரியத்தின் இன்றைய அமைப்புக்கு வருவோம். உறுப்பினர்கள் எல்லோரையும் நியமிப்பவர் ஆளுநர். மாநில செனட் சம்மதிக்க வேண்டும். ஆனால் நியமிப்பதற்கு முன்னால் நாலு பெயரை மேயர் சிபாரிசு செய்வார். நாசோ, சஃபோக், வெஸ்ட்செஸ்டர் மாவட்டங்கள் ஆளுக்கு ஒரு பெயர் தரும். டச்சஸ், ஆரஞ்ச், புட்னம், ராக்லண்ட் என்ற நாலு சின்ன மாவட்டங்களும் ஆளுக்கு ஒருவரை அனுப்பும். ஆனால் அந்த நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஓட்டு. ஆமாம், தலைக்குக் கால் ஓட்டு. கட்டண உயர்வுக்குக் கை தூக்கிவிட்டு ஊர் திரும்பும் புட்னம் பிரதிநிதி, இந்தப் பாவத்தில் என் பங்கு கால்தான் என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமல் சொல்லலாம். இவர்கள் போக, தொழிற்சங்கம், பயணிகள் தரப்பில் சிலர் இருப்பார்கள். அவர்களுக்குப் பேச்சு உண்டு, ஓட்டு இல்லை. ரயிலில் தினமும் போய்வருகிறவனுக்கு வாரியத்தில் கிடைத்த இடம் அது.

மற்றவர்கள் ரயிலில் போனார்களா என்பது 2008-இல் தெரிந்தது. உறுப்பினர்களுக்கு, பதவி விலகியவர்களுக்கும்கூட, பாலச் சுங்கத்தில் இலவசப் பாஸ் இருந்தது. சம்பளமில்லாப் பதவியில் இந்தச் சலுகை சட்டவிரோதம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் கண்டித்தார். பாஸைப் பிடுங்குவதாகப் பேச்சு வந்ததும், காரில் போக வழியிருக்கும்போது நான் ஏன் ரயிலில் ஏறி அவதிப்பட வேண்டும் என்ற பொருளில் துணைத் தலைவர் ஒருவர் பத்திரிகையிடமே கேட்டுவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார். வாரிய வரலாற்றில் மனசில் பட்டதை அப்படியே பேசிய அபூர்வ சந்தர்ப்பம், அதற்குத்தான் மன்னிப்பு.

கண்டித்த அட்டர்னி ஜெனரல் பெயர் ஆண்ட்ரூ குவோமோ. பிற்பாடு அவரே ஆளுநரானார். பல காலம் இழுத்தடித்த ஒரு ரயில் திட்டம் அவர் ஆட்சியில்தான் திறப்பு விழா கண்டது. இரண்டாம் அவென்யூவுக்கு அடியில் ரயில் விடும் யோசனை 1920 வாக்கிலேயே பிறந்தது. 1951-இல் அதற்கென்று கடன் வாங்க ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள், பணம் வேறு செலவுகளுக்குப் போனது. 1972-இல் பூமி பூஜை, 1975-இல் நிறுத்தம். கடைசியில் 450 கோடி டாலரில் மூன்று புது நிலையங்கள் தயாராக, 2016 டிசம்பர் 31 இரவு பாதாளத்திலேயே புத்தாண்டு விருந்து வைத்துத் திறந்தார் குவோமோ. ரயில் யாருடையது என்ற சந்தேகம் அந்த இரவு யாருக்கும் வரவில்லை.

ஆறு மாசம் கழித்து ரயில்கள் வழியில் நிற்கத் தொடங்கின. சிக்னல்கள் பாட்டன் காலத்தவை. உடனே ஆளுநர் கணக்கை எடுத்துப் போட்டார். மொத்த ஓட்டு 14, அதில் என் ஆட்கள் 6 பேர்தான், பெரும்பான்மை இல்லாத நான் எப்படிப் பொறுப்பாவேன், எனக்கு இன்னும் 2 இடம் கொடுங்கள் என்றார். ரயில் நகரத்தின் சொத்து, நகரம் பணம் கொடுக்கட்டும் என்றும் சொன்னார். 1953-இன் குத்தகைப் பத்திரம் எப்படிக் கைகொடுக்கிறது பாருங்கள். மேயர் டி பிளாசியோ, ஆணையம் மாநிலத்துடையது, ஆளுநரையே கேளுங்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதற்காகத்தானே அப்படிக் கட்டினார்கள்.

பெரும்பான்மை இல்லாத அந்த ஆளுநரின் அரசு, அதற்கு முந்தின வருஷம், ஆணையத்தின் பணத்தில் 49 லட்சம் டாலரை மாநிலத்தின் பனிச்சறுக்கு மலைகளுக்கு அனுப்பிவைத்திருந்தது. அந்தக் குளிர்காலத்தில் பனி சரியாக விழவில்லை, மலைகளுக்கு நஷ்டம். பாதாள ரயில் பணம் மலையேறும்போது ஓட்டுக் கணக்கு யாருக்கும் இடிக்கவில்லை.

வாரியக் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிஷம். 2023-இல் கட்டணம் 2.90 டாலர் ஆனது. கோபத்தோடு போகிறவர் வாரியத்தைத் திட்டினால், சட்டம் அப்படி என்பார்கள். சட்டம் போட்டவர் ஆளுநர். அவர் ஓட்டுக் கணக்கைக் காட்டுவார். மேயர் ஆளுநரைக் காட்டுவார். புட்னம்காரர் கால் ஓட்டைக் காட்டுவார். இரண்டு நிமிஷத்துக்குள் திட்டி முடிக்க வேண்டுமானால் 1913-இல் 49 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களைத் திட்டுவதே உத்தமம். பழியை வேறு ஆள்மேல் தள்ளிவிட அவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.