பாறையில் போட்ட ஆல்பம்

உலகத்தின் முதல் இசை ஆல்பத்தை வெளியிட்டவர்கள் நாங்கள்தான். சந்தேகம் இருந்தால் புதுக்கோட்டையில் பஸ் பிடித்துக் குடுமியான்மலைக்கு வாருங்கள். மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில், சுமார் 13 அடிக்கு 14 அடியில், ஏழாம் நூற்றாண்டு வாக்கில் அதைக் கல்வெட்டாகச் செதுக்கி வைத்திருக்கிறார் ஒரு ராஜா. தான் ருத்ராசாரியாரின் சிஷ்யன் என்று குருவின் பெயரைப் போட்டவர், தன் பெயரைப் போட மறந்துவிட்டார். மகேந்திரவர்ம பல்லவன்தான் என்று ஒரு கோஷ்டி, இல்லவே இல்லை என்று இன்னொரு கோஷ்டி. ஆல்பம் அட்டையில் ஆள் பெயர் விட்டுப்போகிற வழக்கம் அப்போதே வந்தாயிற்று.

உள்ளே ஏழு கிராம ராகங்கள். ஸ, ஸி, ஸு, ஸெ என்று நான்கு நான்கு எழுத்தாக அணிவகுத்து நிற்கின்றன ஸ்வரங்கள். சில எழுத்துகளின் தலையில் புள்ளி. 1904-இல் கண்டெடுத்த பிறகு, அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று பண்டிதர்கள் மல்லுக்கட்டியதில் கட்டுரைகள் குவிந்தன. ராஜா நினைத்த மாதிரி வாசித்துக் காட்டத்தான் ஆளில்லை. என்னைக் கேட்டால் ராஜா செய்த தப்பு ஒன்றே ஒன்று: ஸ்டூடியோ ஆல்பம் போட்டுவிட்டார். ‘பலே’ கிடையாது, தொடையில் தாளம் போடும் சத்தம் கிடையாது, நடுவில் ஒரு இருமல்கூடக் கிடையாது. கூட்டத்தைச் சேர்த்துச் செதுக்கியிருந்தால் இந்த வம்பே இல்லை.

அதற்கப்புறம் ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்து, அதே புதுக்கோட்டையில் வந்தார் மான்பூண்டியா பிள்ளை. பலாக்கட்டை வளையம், உடும்புத்தோல், ஒரு ஜோடிக் காசு. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றி, மிருதங்கத்துக்கே வேர்க்க வைத்தார். (1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து உடும்பைக் காப்பாற்றியது. அதற்குள் உடும்பு இனம் சங்கீதத்துக்குச் செய்த தியாகம் கொஞ்சமல்ல.) அவர் சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் சிங்கம். 1936-இல் போய்விட்டார். அன்றைய இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம். அவர் தோலுக்குத் தண்ணீர் தடவி முடிப்பதற்குள் தட்டு முடிந்திருக்கும். கல்லில் வெட்டத் தெரிந்த ஊருக்கு நாடா கிடைக்கவில்லை; நாடா கிடைத்தபோது பிள்ளைவாள் இல்லை.

நாடா வந்தது எழுபதுகளில். சிங்கப்பூர் போன மச்சான்கள் டேப் ரிக்கார்டரோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் காலத்து மதுரை சோமு கச்சேரிப் பதிவு கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். பக்கவாத்தியம் என்று ஒரு பட்டாளமே உட்கார்ந்திருக்கும். மைக் கூவும். குழந்தை அழும். எங்கோ வேட்டுப் போடுவார்கள். மனுஷர் அசரமாட்டார், அதற்கும் சேர்த்து ஒரு சங்கதி போடுவார். கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிஷம். ஆலாபனை உச்சத்துக்குப் போய், இதோ இறங்கப்போகிறார் என்கிறபோது ‘டக்’. திருப்பிப் போட்டால் பாட்டில் பாதி ஓடியிருக்கும். மேலே போன சோமு எப்படி இறங்கினார் என்பது தேவரகசியம்.

ராஜா விட்ட கூட்டத்தைச் சேர்த்தே ஆல்பம் போட்டவர்களும் உண்டு. உடும்புச் சட்டம் வந்த அதே 1972-இல்தான் டீப் பர்ப்பிள் ராக் குழுவினர் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்ததை ‘மேட் இன் ஜப்பான்’ என்று பதிவு செய்தார்கள். அதில் இயான் பெய்ஸ் டிரம்ஸில் வெளுத்து வாங்குவது சாட்சாத் தனி ஆவர்த்தனம். கோர்வை வைத்து முடிக்கத் தெரியவில்லை, போகட்டும். தனி தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகும் மாமாக்கள் ஜப்பானில் இல்லை என்பதற்காகவே அந்தக் கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா பதிவு செய்த ஸ்பூலோ கேசட்டோ இருக்கலாம். பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே மெஷினில் மாட்டி ஓட்டாதீர்கள், நாடா பிய்ந்துவிடும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக மாற்றுங்கள். ஒன்று மட்டும்: சத்தத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அவர் இருமலை எடுக்க வந்தால், கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.