தொட்டிக் கறிவேப்பிலையின் இடமாற்றம்: போர்ட் கிள்ளான் வாசல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

போர்ட் கிள்ளானில் தொட்டியில் வளரும் பெர்ரிச் செடி எது என்று வினவினால், பள்ளி விடுமுறை முடிந்து கேமரன் மலையிலிருந்து இறங்குவோர் மடியில் வைத்துக் கொண்டுவரும் ஸ்ட்ராபெர்ரிக் கன்றையே பலரும் விடையாகச் சுட்டுவர். இவ்விடை இருவகையால் பிழைபடுகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் பழகிய அக்கன்று, கடலோர வெக்கையில் தொட்டி மாற்றவேண்டிய பருவம் வரும்வரை பெரும்பாலும் உயிரோடிருப்பதில்லை என்பது ஒன்று. தாவரவியலார் வகுத்த இலக்கணப்படி அது பெர்ரியே அன்று என்பது மற்றொன்று. ஒரு பூவின் ஒரே சூற்பையிலிருந்து தோன்றி, கல்போன்ற உள்ளோடு இல்லாமல், தோலுக்குள் சதையும் சதைக்குள் விதையுமாக அமையும் கனியே பெர்ரி எனப்படும். பல சூற்பைகளின் விளைவான ஸ்ட்ராபெர்ரி திரள்கனி வகையிலும், பல பூக்கள் ஒன்றாகிப் பழுக்கும் மல்பெரி கூட்டுக்கனி வகையிலும் அடங்கும். கத்தரி, மிளகாய், தக்காளி, வாழை ஆகியவை எவ்வித ஆரவாரமுமின்றி இத்தகுதியைப் பெற்றிருக்கின்றன. அவ்வரிசையில் நிற்பதும், துறைமுகத்துத் தாமான் வீடுகளின் வாசல்தோறும் காணப்படுவதும், தன் பழத்துக்காக எவராலும் வளர்க்கப்படாததுமான கறிவேப்பிலையே இக்கட்டுரையின் பொருளாகும்.

கறிவேப்பிலையின் கருநீலப் பழம் பெர்ரியே என்பதில் அறிஞரிடையே பூசல் இல்லை. செடியின் பெயரைப் பற்றித்தான் பூசல். லின்னேயசின் மாணவரும், 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பின்னர் ஆர்க்காட்டு நவாபிடம் பணியாற்றியவருமான யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்பாரின் பெயரால், லின்னேயசு 1771இல் இதற்கு பெர்கெரா கோனிகியை எனப் பெயர் சூட்டினார். பின்வந்தோர் இதனை முர்ராயா பேரினத்துக்கு மாற்றினர். அண்மைக்கால ஆய்வாளர் மீண்டும் பெர்கெராவுக்கே கொண்டுவந்து சேர்த்துள்ளனர். ஏட்டளவில் இத்தனை முறை இடம்பெயர்க்கப்பட்டும் வாடாத செடி, ஒரு சாயவாளியிலிருந்து இன்னொரு சாயவாளிக்கு மாற்றப்படும்போது இலையெல்லாம் உதிர்ப்பது ஏன் என்பதே ஆராயத்தக்கது.

இதனை நிலத்தில் நட்டுவிட்டால் தொல்லையே இல்லையே எனின், அற்றன்று. போர்ட் கிள்ளான் சதுப்புக் காட்டைத் திருத்தி எழுப்பிய ஊர். அதன் அடிமண் நீரைப் பிடித்துக்கொண்டு விடாத கடற்களிமண். கறிவேப்பிலையோ வேரில் நீர் தேங்குவதைப் பொறாத இயல்பினது. அன்றியும், வரிசை வீட்டில் மண் எஞ்சியிருந்த சிறு முற்றமும் கார் நிறுத்துவதற்காக ஓடு பதிக்கப்பட்டுவிட்டது. ஆகவே செடி, சூடேற்றிய கம்பியால் அடியில் துளையிடப்பட்ட சாயவாளியிலோ எண்ணெய்த் தகரத்திலோ குடியேறி, வெளிக்கதவுக்கு அப்பால், வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே, எவருக்குச் சொந்தமென்று துணிந்து கூறவியலாத ஓரடி நிலத்தில் நிற்கிறது. அவ்விடத்தில் நிற்கும் செடியின்மேல் தெருவில் உள்ள மூவினத்தாருக்கும் உரிமை உண்டென்பது எழுதப்படாத சட்டம்.

இடமாற்றத்துக்குரிய காலம் யாது? ஆங்கில நூல்கள் ஒருமுகமாக இளவேனில் தொடக்கம் என்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் அமைந்த ஊரில் இளவேனில் என்று தொடங்குகிறது என்பதை அந்நூல்கள் விளக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆகாது, இராகு காலம் ஆகாது, தீபாவளிக்கு முந்தைய மாதம் ஆகவே ஆகாது என விலக்குகளால் காலத்தை வரையறுக்கும் உள்ளூர் மரபு இதனினும் பயனுடையது. இம்மூன்றில் இறுதியானதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. வேர் கலைக்கப்பட்ட செடியில் சில வாரங்கள் இலை பறிக்கலாகாது, தீபாவளி வாரத்திலோ பறிக்காமலிருக்க இயலாது. எஞ்சிய நாட்களில் மேகமூட்டமான மாலை எதுவும் பொருந்தும்.

செடி இடம் கேட்கும் குறிகள் மூன்று. அடித்துளை வழியே வேர் எட்டிப்பார்ப்பது முதலாவது. ஊற்றிய நீர் நில்லாமல் உடனே கீழே ஓடிவிடுவது இரண்டாவது. உரமிட்டும் புதுத்துளிர் சிறுத்தே வருவது மூன்றாவது. தொட்டியைப் படுக்கவைத்துப் பக்கங்களைத் தட்டினால் மண் கட்டியாக வெளிவரும். தண்டைப் பிடித்து இழுப்பது கூடாது. சுவரைத் தொட்டுச் சுற்றிச்சுற்றி வளர்ந்த வேர்களை விரலால் பிரித்தோ, கத்தியால் மேலிருந்து கீழாகச் சில இடங்களில் கீறியோ விடவேண்டும், இல்லையேல் அவை புதுத் தொட்டியிலும் பழைய வட்டத்திலேயே சுற்றும். தோட்டமண்ணுடன் தேங்காய் நார்த்தூளும் கருக்கிய உமியும் மட்கிய எருவும் கலந்த மண்ணில், முன்னிருந்த ஆழத்திலேயே நட்டு, நீர் நிற்க விளிம்பில் ஓரங்குலம் விட்டு, ஒரு வாரம் நிழலில் வைப்பதோடு வினை முடிந்தது.

வினை முடிந்தாலும் விவாதம் முடிவதில்லை. தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லும் சரளைக்கல்லும் பரப்பினால்தான் நீர் வடியும் என்பது பூர்வபட்சம். இதனை வழிவழியாகப் போற்றிவரும் ஓட்டாஞ்சில்லுக் கட்சியார் எண்ணிக்கையில் மிக்கோர். எந்த வீட்டில் செடி மாற்றினாலும் அவர்களுள் ஒருவர் உடனிருப்பார். மண்ணியல் கூறுவதோ இதற்கு மாறானது. நுண்துளைகள் நிறைந்த மண் தன்னுள் உள்ள நீரைக் கீழேயுள்ள பெருந்துளைகளுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. தான் முற்றும் ஊறித் ததும்பிய பின்னரே சொட்டவிடும். ஆதலால் எத்தொட்டியிலும் மண்ணின் அடிப்பகுதியில் சில அங்குல உயரத்துக்கு நீர் தங்கிய படலம் ஒன்று நிலைத்திருக்கும். சரளை இட்டால் அப்படலம் மறைவதில்லை. சரளைக்கு மேலே ஏறி வேருக்கு அருகில் அமர்கிறது. ஈரமான பாத்திரம் துலக்கும் பஞ்சைப் படுக்கவைத்தால் நீரைப் பிடித்திருப்பதும், அதனையே நிமிர்த்தினால் கொட்டிவிடுவதும் இவ்வுண்மைக்குச் சான்று: வடிவதற்கு வேண்டியது மண்ணின் உயரம், கல் அன்று. துளை வழியே மண் கொட்டிவிடுமே என்று எதிர்க்கட்சியார் கேட்பர். ஒரு துண்டு கொசுவலை அக்கேள்விக்கு விடையாகும்.

அடிக்கடி மாற்றும் அலுப்பை ஒழிக்க எடுத்த எடுப்பிலேயே அண்டா அளவுத் தொட்டிக்குப் போய்விடலாம் என்னும் கொள்கையும் இதே குற்றத்துக்கு ஆளாகும். வேர் எட்டாத மண்ணின் நீர் வற்றாது, வற்றாத நீரில் வேர் அழுகும். பழைய தொட்டியினும் இரண்டு அங்குலம் அகன்றது போதும். புளித்த மோர் ஊற்றும் வழக்கத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. மாற்றிய முதல் மாதத்தில் எவ்வகை உரமும் வேண்டாதது போலவே மோரும் வேண்டா என்று மட்டும் வரையறுக்கிறது.

இனித் தொட்டியின் கீழுள்ள தட்டைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். இவ்வூரின் வரலாறே அதில் தேங்கியிருக்கிறது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயருடன் 1901இல் திறக்கப்பட்ட இத்துறைமுகம், சில மாதங்களுக்குள் மலேரியாவால் தொழிலாளர் சாய்ந்ததனால் மூடப்படும் நிலைக்கு வந்தது. கொசுவே நோயைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறிந்ததை நம்பிய மருத்துவர் மால்கம் வாட்சன், கிள்ளானிலும் துறைமுகத்திலும் சதுப்பைத் திருத்தி வடிகால் வெட்டச்செய்து நோயைத் தணித்தார். ஒரு துறைமுகத்தின் தேங்குநீரை வடித்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிய பின், 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று வழங்கும் அதே ஊரில், ஓடு கறைபடக்கூடாது என்பதற்காக வீட்டுக்கு நான்கு தட்டு வீதம் தேங்குநீர் மீண்டும் நிறுவப்பட்டுள்ளது. வாட்சன் விரட்டியது அனாபிலஸ். இத்தட்டில் முட்டையிடுவது டெங்கியைப் பரப்பும் ஏடிஸ். அது ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். தட்டு காய்ந்தாலும் அதன் முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டத்தின்கீழ் 500 வெள்ளி அபராதம் விதிக்க இத்தட்டு ஒன்றே போதுமானது. அத்தொகைக்கு எத்தனை ஆண்டுக்குக் கறிவேப்பிலை வாங்கலாம் என்ற கணக்கு வாசகருக்கே விடப்படுகிறது.

தழைத்த செடியைப் புழு தின்பது தனியே ஆராயத்தக்கது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின் அக்குடும்பத்தை நாடும் வண்ணத்துப்பூச்சிகள் இதிலும் முட்டையிடுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிப்பதற்கென்றே இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்கள் தருவிக்கப்பட்டன. காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. காகம் மட்டும் பெருகியது. ஆயினும் தொட்டிச் செடியின் புழு, இளம்பருவத்தில் பறவை எச்சத்தைப் போன்ற தோற்றத்துடன், காகம் அமர்ந்த கம்பிக்கு நேர்கீழேயே நிம்மதியாக உண்கிறது. கையால் பொறுக்குவதே வழி.

மேற்கூறியவை அனைத்தையும் முறையாகச் செய்தபின்னும் செடி பட்டுப்போவதற்கு எஞ்சியுள்ள ஒரே காரணம், “அக்கா, ரெண்டு கொத்து மட்டும்” என்னும் வேண்டுகோளாகும். எனவே அண்டை வீட்டாரும் உறவினரும், புதுத் துளிர் விரிந்து முற்றும்வரை தங்கள் தாளிப்புத் தேவையைத் தெங்கு கிளானா சாலைக் கடைகளில் நிறைவேற்றிக்கொள்ளுமாறும், வீட்டுக்காரர் தட்டை இன்றே கவிழ்த்து வைக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.