மரம் மாறவில்லை

நாசி லெமாக்கை விட்டுத் தோசைக்கு வந்து ஆறு மாதமாகிறது. கொலஸ்ட்ரால் இறங்கக் காணோமே?
*(சுங்கை வே வாசகர், வயது 48)*

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னிதானே? தேங்காய்ப் பாலை விட்டுச் சட்னிக்கு வந்தால் மரம் மாறவில்லையே!

தேங்காயில் கொலஸ்ட்ரால் துளியும் கிடையாது. கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் சமைப்பது நம் கல்லீரல். தேங்காயில் மிகுந்திருப்பது நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் சுற்றும் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லைக் கல்லீரல் திரும்ப இழுத்துக்கொள்ளும் வாசல்களை அது குறைக்கிறது. நடுவயதில் அவை தாமாகவே குறையத் தொடங்குகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் இறங்க, எல்.டி.எல். ஏறுகிறது. ஆகவே தட்டு மாறாமலே அளவு மாறலாம்.

சென்னையில் அக்காவுக்குக் கொலஸ்ட்ரால் 200. எனக்கு வெறும் 5.2. நான் தேவலைதானே?

ரிங்கிட்டையும் ரூபாயையும் எண்ணிக்கையால் ஒப்பிடுவதுண்டா? மலேசிய ரிப்போர்ட் பேசுவது மில்லிமோல், இந்திய ரிப்போர்ட் பேசுவது மில்லிகிராம். 5.2-ஐ 38.67-ஆல் பெருக்கினால் 201. அக்காவைவிட ஒன்று கூடுதல்!

மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். வலியோ மயக்கமோ காட்டாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.