சிமெண்ட் மலைக்கு ஒரு செபம்

கிருஷ்ணன்கோவிலில் நின்று மேற்கே திரும்பினால் ஆண்டவர் செய்த மலை தெரியும். 2021 பிப்ரவரியில் அதை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். யானை உண்டு, நரை அணில் உண்டு, ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர் காடு உண்டு. இந்த வட்டாரத்து ஆலய வளாகம் ஒன்றுக்குள் நுழையுங்கள், நாம் செய்த மலை தெரியும். கம்பி கட்டி, சிமெண்ட் அப்பி, பாறை மாதிரி சாம்பல் பெயிண்ட் அடித்த கெபி. அருவிக்கு மோட்டார், பசுமைக்கு பிளாஸ்டிக் கொடி, அடிவாரத்தில் உபயதாரர் பெயர் பொறித்த கிரானைட் பலகை. ஆண்டவருடைய மலையில் உபயதாரர் பெயர் இல்லை. அதனால்தானோ என்னவோ அதற்குச் செபமாலை சொல்ல ஆளில்லை.

கெபிக்கு இடம் வேண்டுமென்று வேப்பமரம் போயிற்று. வேம்பு குப்பை போடுகிறதாம். முற்றம் முழுக்க பேவர் பிளாக் பதித்தார்கள். மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லை, வெயிலில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. எனவே தகர ஷெட். ஷெட்டுக்குள் வேக்காடு. எனவே ஏசி ஹால். போப் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் 246 பத்திகள். அதில் 55-ஆம் பத்தி, கெட்டுப்போன நுகர்வுப் பழக்கத்துக்கு உதாரணமாக ஏசியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தத் திருமடல் பற்றிய கருத்தரங்கை அதே ஹாலில் நடத்துகிறோம். கதவைச் சாத்துங்கப்பா, குளிர் வெளியே போகுது.

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை ‘படைப்பின் காலம்’. அதை அறிவிப்பது ஃபிளெக்ஸ் பேனர். பூமி உருண்டையை இரண்டு கைகள் தாங்குகிற படம். மூலையில் ஆயர், எதிர்மூலையில் பங்குத்தந்தை, அடியில் பங்குப் பேரவை உறுப்பினர்கள் பாஸ்போர்ட் அளவில். அந்த நாட்களில்தான் வேளாங்கண்ணித் திருவிழாவும் வருகிறது. நடைப்பயணம் போகிற சனத்துக்கு வழியெங்கும் புண்ணியவான்கள் தண்ணீர் கொடுப்பார்கள், பாக்கெட்டில். 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் அது தடைசெய்யப்பட்ட பொருள். புண்ணியத்துக்கு எந்த அரசாணை பொருந்தும்?

சப்பரப் பவனியன்று பட்டாசு. பக்கத்திலேயே சிவகாசி இருக்கும்போது சம்மனசுகளை அமைதியாகவா வரவேற்க முடியும்? மறுநாள் காலை, காகிதச் சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிட்டு, பூசையில் மன்றாட்டு: மாசுபடும் காற்றுக்காக மன்றாடுவோம். ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும். அவர் கேட்கிறார். இருமலோடு கேட்கிறார்.

ரோமாபுரியிலும் கதை ரொம்ப வேறில்லை. திருமடலின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக 2025 அக்டோபர் 1 அன்று கூடிய மாநாட்டில் போப் பதினான்காம் லியோ கிரீன்லாந்துப் பனிக்கட்டி ஒன்றை ஆசீர்வதித்தார். கட்டிக்கு ஆசி கிடைத்துவிட்டது, கிரீன்லாந்துதான் பாக்கி.

இதெல்லாம் சில்லறைப் பாவம். பெரிய பாவத்துக்கு அதே மலையின் மறுபக்கம் போக வேண்டும்.

நம் மலைக்குப் பின்னால் இடுக்கி மாவட்டம். மேற்குத்தொடர்ச்சி மலையைக் காப்பது எப்படி என்று மாதவ் காட்கில் குழு 2011-ல் அறிக்கை கொடுத்தது. பலருக்குக் கசந்தது. கஸ்தூரிரங்கன் குழு 2013-ல் அதை இளக்கி, தொடரில் 37 சதவீதம் போதும் என்றது. அதுவும் ஆகாது என்று எதிர்த்தவர்களின் முன்வரிசையில் கழுத்தில் சிலுவையோடு நின்றவர்கள் இடுக்கி ஆயரும் தாமரசேரி ஆயரும். மலையேறிப் போய் மண்ணைக் கொத்திப் பிழைத்த குடியானவனின் பயம் பொய்யில்லை. வனத்துறையின் தடியை அறிந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் அந்தக் குடியானவனின் முதுகுக்குப் பின்னால் குவாரி முதலாளி ஒளிந்து நின்றதைப் பார்க்க ஞானதிருஷ்டி தேவைப்படவில்லை. 2013 நவம்பரில் தாமரசேரியில் வனத்துறை அலுவலகம் எரிந்தது. தீ வைத்தவர்கள் ஆயர்கள் அல்ல. அவர்கள் மெழுகுவர்த்திதான் ஏற்றுவார்கள்.

இடுக்கியின் எம்.பி. பி.டி. தாமஸ், பிறப்பால் கத்தோலிக்கர், காட்கில் சொல்வது சரி என்று சொன்னார். உயிரோடு இருக்கிற மனிதனுக்குச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். குருக்களும் கூட நடந்தார்கள். 2014 தேர்தலில் அவருக்கு சீட்டு இல்லை. 2021 டிசம்பரில் நிஜமாகவே இறந்தபோது, மதச் சடங்கு வேண்டாம், எரித்துவிடுங்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். பாதிரிமார் ஒருமுறை முடித்துக் கொடுத்த அடக்கத்தை எதற்கு இரண்டாம் முறை செய்வது?

இதைச் சொன்னால் நம்மவர் ஒருவர் கட்டாயம் எழுந்து, “அவங்க சீரோ மலபார் ரீத்து, நாம லத்தீன் ரீத்து” என்பார். 2024 சூலை 30 விடியுமுன் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் சரிந்த மண் யாரிடமும் ரீத்து விசாரிக்கவில்லை. இருநூற்றைம்பது பேருக்கு மேல் செத்தார்கள். சூலை 31 தேதியிட்டு ஒன்றிய அரசு மேற்குத்தொடர்ச்சி மலைக்கான வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. ஆறாவது வரைவு. முதல் வரைவு 2014-ல். சட்டம் வரைவாகவே இருக்கும்வரை எந்த ஆயருக்கும் தூக்கம் கெடாது.

திருச்சபையில் வேறு மாதிரி ஆட்களே இல்லையா என்றால், இருந்தார்கள். இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தல் போட்டு உட்கார்ந்து, கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்றார்கள் கடலோரத்துச் சனங்கள். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. தூத்துக்குடி மறைமாவட்டத் தொண்டு அமைப்பின் வெளிநாட்டு நிதி உரிமத்தில் கைவைத்தது டெல்லி. மற்ற மறைமாவட்டங்கள் பாடத்தை ஒரே வாசிப்பில் புரிந்துகொண்டன: மரக்கன்று நட்டால் உரிமம் போகாது.

ஸ்டான் சுவாமிக்கு அந்தப் பாடம் ஏறவில்லை. திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைக் குரு. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலமும் காடும் சுரங்கக் கம்பெனிகளுக்குப் போவதை எதிர்த்துக்கொண்டே கிழவரானவர். 2020 அக்டோபர் 8 அன்று என்.ஐ.ஏ. அவரைக் கைது செய்தது, வயது 83. நடுக்குவாதத்தில் கையில் டம்ளர் நிற்காது, உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்டார். பதில் சொல்ல இருபது நாள் அவகாசம் கேட்டது என்.ஐ.ஏ. ஒரு வல்லரசு உறிஞ்சுகுழலைக் கண்டு நடுங்கிய கதை வேறெந்த நாட்டுக்கு வாய்க்கும்? ஜாமீன் கிடைக்காமலே 2021 சூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார். நாம் இப்போது பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை ஒழிப்போம் என்று ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறோம்.

இன்று அவர் படத்தை மாட்டாத இயேசு சபை இல்லம் அபூர்வம். படம் எதையும் எதிர்ப்பதில்லை. மாலைக்கு மட்டும் செலவு.

படைப்பின் காலம் அக்டோபர் 4 அன்று, அசிசி பிரான்சிஸ் திருநாளோடு முடிகிறது. இன்னும் நான்கு நாள் நீட்டினால் 8-ஆம் தேதி, ஸ்டான் சுவாமி கைதான நாள். அதுவரை நீட்டலாமே என்று பங்குப் பேரவையில் யாராவது எழுந்து கேட்டுப் பாருங்கள். “அரசியல் வேண்டாம் தம்பி, உட்காருங்க” என்பார்கள். அடுத்த பொருள், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஸ்டார் எத்தனை அடி.